இரண்டு வாரம் கழித்து வாருங்கள்

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் யாராவது ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். திருக்கோகர்ணத்தில் செந்திலின் பல் மருத்துவமனை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சிகிச்சை அறைக்குள் நான்கு பல் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஏசி ஓடுவது அந்த ஓர் அறையில்தான். செந்தில், நோயாளி சாயும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாக்குல இடது ஓரம் புண்ணு. ஓரமெல்லாம் கெட்டியா இருக்கு. ரெண்டு வாரம் பாப்போம், அப்பறம் வாங்கன்னு சொன்னேன். வரல. போன் போட்டா நம்பரே தப்புன்னு வருது. கத்தார்ல வேலையாம், லீவுல வந்த ஆளு. கெளம்பிட்டாரோ என்னமோ."

ஆரோக்கியராஜ் முந்திரிப் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் சாய்ந்தார். அவர் பேருந்து நிலையத்துப் பக்கம் மருத்துவமனை வைத்திருப்பவர். "கீழ இடது கடவாய்ப் பல்லு புதுசா எடுத்த குழி இருந்துச்சா?"

"இருந்துச்சு. எடுத்து ஒரு வாரம்னு சொன்னாரு."

"அப்ப அது நான் எடுத்ததுதான். ஒடஞ்ச பல்லு, நாக்க ஒரசிக்கிட்டே கெடந்துச்சு. பல்லு போனா புண்ணு ஆறிரும், ரெண்டு வாரம் பாருங்கன்னு நானும் சொன்னேன். எனக்கு முன்னாடியே யாரோ பாத்து முனைய ராவி விட்டிருந்தாங்க. அவுங்களும் ரெண்டு வாரம்னுதான் சொல்லிருக்காங்க."

நிஷா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நால்வரில் அவர் மட்டும் அறுவை சிகிச்சை நிபுணர். "அந்த மொத ஆளு யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். எத்தன நாளாச்சுன்னு தெரியும். அவுங்ககிட்டயாவது சரியான நம்பர் இருக்கும்."

அந்த முதல் ஆள் நான்தான். சரியான நம்பரும் என்னிடம் இருந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக ஊரார் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள், அன்று என் வாயைத் திறக்கவில்லை.

பதில் வராத பேச்சு

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்குப் பல் டாக்டர் என்றாலே பயம். எங்கள் பக்கத்துக் கஷ்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை.

குன்றாண்டார்கோவிலில் என் மருத்துவமனைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேர் வருவார்கள். எல்லாரோடும் நான் பேசுகிறேன். "மழை வந்துச்சா? பையன் எந்த காலேஜு? கடலை போட்டாச்சா?" அவர்கள் வாயில் என் கண்ணாடியும் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருக்கும். "ஆ", "ங்" என்பார்கள். குழாயை எடுத்ததும் துப்புவார்கள், எழுந்துவிடுவார்கள். நான் கேட்ட கேள்வி அந்த அறையிலேயே கிடக்கும்.

உதவிக்கு இருக்கும் வளர்மதி நல்ல பெண். ஆனால் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாள். நான் ஸ்டெரிலைசர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி தயிர் சாதம் சாப்பிடுவேன். மாடியில்தான் வீடு. மாடி ஏறிப் போனாலும் இதே ஆள்தானே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏறுவதில்லை. கணவர் என்று ஒருவர் இருந்தார். அந்தக் கதையைச் சில வாரங்களுக்கு முன்பு இதே பக்கத்தில் எழுதித் தீர்த்துவிட்டேன், மறுபடி தோண்ட வேண்டாம்.

தனியாகத் தொழில் செய்கிறவருக்கு இன்னொரு நோய் வரும். தான் செய்த வேலை என்ன ஆயிற்று என்றே தெரியாது. நன்றாக இருந்தால் ஆள் வரமாட்டார். மோசமாகப் போனாலும் வரமாட்டார், வேறு டாக்டரிடம் போய்விடுவார். அந்த டாக்டர் வாயைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "யாருங்க இந்த வேலையப் பாத்தது?" நானும் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

வராதவர்கள்

இந்த நால்வர் கூட்டத்தை ஆரம்பித்தவர் நிஷா. மாவட்டம் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றி, கூப்பிடுகிற மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்து கொடுப்பவர். எல்லாருடைய குப்பையும் அவருக்குத் தெரியும். ஒரு நாள் என் மருத்துவமனையில் ஒரு கடினமான ஞானப்பல்லை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியபடி சொன்னார்.

"மேடம், நீங்க ஒரு தப்பப் பண்றீங்க, அதே தப்ப அங்கிட்டு ஆரோக்கியராஜும் பண்றாரு, செந்திலும் பண்றாரு. மூணு பேரும் தனித்தனியா பண்றதுக்கு ஒண்ணா ஒக்காந்து பேசுனா என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு வேறு என்ன வேலை?

பாடம் படிக்கிற கூட்டம் என்றால் பெரிய ஊர்களில் ஓட்டலில் திரை கட்டி, கோட்டுப் போட்டவர் ஒருவர் வந்து பேசுவார். எங்களுடையது அப்படி இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு. ஆளுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரைப் பற்றி? மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவரைப் பற்றி. ஏன் வரவில்லை, நாம் எதை விட்டோம் என்று நான்கு பேரும் யோசிக்க வேண்டும். பல நாள், ஒருவரிடம் வராமல் போனவர் இன்னொருவரிடம் போயிருப்பார். அப்படித்தான் நான் கட்டிய செட்டுப் பல் ஒன்று, ஆரோக்கியராஜ் மேசையில் மூன்று மாதமாகக் கிடந்தது எனக்குத் தெரிந்தது. "கடிக்குதுன்னு கழட்டி வச்சிட்டுப் போயிட்டாருங்க" என்று அவர் சிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கம் உயரம் கூடியிருந்தது. அன்றிலிருந்து செட்டுக் கட்டினால் மறுநாளே கூப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்.

சொல்கிறவர் நோயாளி நாற்காலியில் சாய்ந்துதான் சொல்ல வேண்டும். இது செந்திலின் கண்டுபிடிப்பு. "ஸ்டூல்ல ஒக்காந்தா நாம டாக்டராயிடுறோம் மேடம். அங்கிட்டுப் படுத்தாத்தான் உண்மை வருது" என்பார். விளக்கு வேறு முகத்துக்கு நேராக எரியும். முதல் நாள் நான் அதில் சாய்ந்தபோது, கூரையில் ஒரு பல்லி இருந்தது. இத்தனை வருடமாக என் நோயாளிகள் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று விஷயங்கள் கூடாது. "யார் பாத்த வேலை?" என்று கேட்கக் கூடாது. "நானா இருந்தா" என்று பேச்சைத் தொடங்கக் கூடாது. நோயாளியின் பெயரையும் ஊரையும் சொல்லக் கூடாது. மூன்றாவது நிஷா வைத்தது. "நம்ம மாவட்டத்துல யாரச் சொன்னாலும் அவுக யாருக்காவது மச்சானாவோ சம்பந்தியாவோ இருப்பாக. அப்பறம் அவுக வாயில இருக்கிறது ஊர் வாய்க்குப் போயிரும்."

நோயாளியைக் காப்பாற்ற வைத்த அந்த விதிக்குப் பின்னால்தான் அன்று நான் ஒளிந்துகொண்டேன்.

கத்தார்காரர்

அவரை ராசு என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்திரண்டு. கத்தாரில் குழாய் பொருத்தும் வேலை. இரண்டு மாத லீவில் வந்திருந்தார். வந்த வாரமே என்னிடம் வந்தார். நாக்கில் எரிச்சல், சாம்பார் பட்டால் தாங்க முடியவில்லை என்றார்.

கடவாய்ப் பல் உடைந்து கத்தி மாதிரி நின்றது. அது உரசும் இடத்தில், நாக்கின் ஓரத்தில் புண். உடைந்த பல் உரசினால் புண் வருவது சாதாரணம். உரசுவதை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அப்போதும் ஆறாவிட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புற்றாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக. இது கல்லூரியில் எங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவுக்கு ஏற்றிய பாடம்.

பல்லின் முனையை ராவி வழவழப்பாக்கினேன். பூச மருந்து கொடுத்தேன். பிறகு கையுறை விரலால் அந்தப் புண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கெட்டியாக இருந்தது, சாதாரணப் புண் அப்படி இருக்காது. விரலுக்குத் தெரிந்தது. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"ரெண்டு வாரம் கழிச்சு கண்டிப்பா வாங்க" என்றேன்.

"வாரேன் மேடம்" என்றார்.

வரவில்லை. இரண்டு வாரம் முடிந்து மூன்று நாள் ஆனபோது வளர்மதி நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அந்தக் கத்தார்காரரு வரலையே மேடம். போன் போட்டுப் பாக்கவா?"

"வேணும்னா வருவாரு" என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வராமல் போகிற ஒவ்வொருவரையும் நான் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வேன். அவ்வளவு பதமாகப் பார்த்தும் வேறு டாக்டரைத் தேடிப் போய்விட்டார் பார் என்று உள்ளே ஒன்று புழுங்கும். நானாகக் கூப்பிட்டால் நான் இறங்கிப்போனதாகிவிடும். தனியாக இருந்து இருந்து எனக்குள் வளர்ந்த வீம்பு அது.

இதற்கிடையே ராசு ஆரோக்கியராஜிடம் போனார். அங்கே புதிதாக ஓர் இரண்டு வாரம் தொடங்கியது. காதுவரை வலிக்கவே, திருக்கோகர்ணத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் செந்திலிடம் காட்டினார். அங்கே இன்னோர் இரண்டு வாரம். மூன்று பேரும் பாடப் புத்தகத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தோம். ஆனால் அவரவர் நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்துதான் அவரவர் எண்ணினோம். நாக்கு ஒன்றுதானே, அது எங்கள் மூவருக்காகவும் காத்துக்கொண்டா இருக்கும்?

நோட்டில் இருந்த நம்பர்

அந்த ஞாயிறு டீயைக் குடிக்காமலே எழுந்தேன். "என்ன மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்றார் செந்தில். தலைவலி என்று சொன்னேன். ஆரோக்கியராஜ் ஆதனக்கோட்டை முந்திரிப் பொட்டலத்தை என் பையில் திணித்தார்.

காரை ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். பெயர் சொல்லக் கூடாது என்பது விதி, அதை மீறலாமா? ஒருவேளை வேறு ஆளாக இருந்தால்? நாளைக்கு நானே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் போயிற்று, அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? எல்லா வாதத்துக்கும் அடியில் ஒரே பயம்தான் இருந்தது. அந்த மூவர்தான் என் கேள்விக்குப் பதில் சொல்லும் மனிதர்கள். கெட்டியாக இருந்தது என்று விரலுக்குத் தெரிந்தும் விட்டவள், போன் போட வேண்டாம் என்றவள் என்று தெரிந்தால் அவர்களும் என்னைக் கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். ஒரு மனிதரின் நாக்கைவிட என் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மருத்துவமனையைத் திறந்து நோட்டை எடுத்தேன். நம்பர் இருந்தது. பக்கத்திலேயே வளர்மதியின் கையெழுத்தில் மனைவியின் நம்பரும் ஊர்ப் பெயரும். அன்றைக்கும் நான் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான் கூப்பிட்டேன்.

மனைவி எடுத்தார். "அவுக புதங்கெழம கெளம்புறாக மேடம். பெட்டி கட்டிக்கிட்டு இருக்காக."

"புண்ணு ஆறிருச்சாம்மா?"

"ஆறலைங்க மேடம். இட்லியத் தண்ணில கரைச்சுத்தான் குடிக்கிறாக."

வந்தவர்களைச் சமாளிக்க வளர்மதியிடம் சொல்லிவிட்டு நேரே அந்த ஊருக்குப் போனேன். வாசலில் அட்டைப்பெட்டி. கயிறு கட்டி, மார்க்கரால் பெரிய எழுத்தில் பெயரும் கத்தார் நம்பரும் எழுதியிருந்தது. என்னைக் கண்டதும் ராசு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனின் முகத்தோடு. வெளிச்சத்தில் உட்காரவைத்து, போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். புண் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. தொட்டேன். இந்த முறை விரலுக்குச் சந்தேகமே இல்லை.

அங்கேயே, அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்று, செந்திலுக்குப் போன் செய்தேன்.

"செந்தில், நேத்து நிஷா கேட்டாங்கல்ல, மொத ஆளு யாருன்னு. நான்தான். எனக்கு அங்கயே தெரியும். சொல்லல."

நான் அடிவாங்கத் தயாராக நின்றேன்.

"ஆளு இப்ப எங்க மேடம்?"

"என் பக்கத்துலதான்."

"அப்ப ஒண்ணும் பேசாதீங்க, கூட்டிட்டு வாங்க. நிஷா அறந்தாங்கி கெளம்பிட்டா, நான் நிறுத்துறேன்."

என் காரில்தான் கணவன் மனைவி இருவரையும் கூட்டிப்போனேன். நிஷா துளி சதை எடுத்தார். பரிசோதனைக்கூடத்தில் தெரிந்தவரைப் பிடித்துச் சீக்கிரம் பார்க்கச் சொன்னது ஆரோக்கியராஜ். டிக்கெட்டைத் தள்ளிப்போட ராசுவைச் சம்மதிக்கவைத்தது செந்தில். இரண்டு மணி நேரம் பேசினார். "வேல போயிரும் டாக்டர்" என்று அவரும், "நாக்கு போயிரும்ணே" என்று இவரும். கடைசியில் மனைவிதான் முடித்துவைத்தார். "வேல போனா வேற வேல. எனக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?" பாஸ்போர்ட்டை அவர் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவப் போனேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் பரவவில்லை.

விளக்கு

ராசு அறுவை சிகிச்சைக்காக வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் இருந்த ஒரு ஞாயிறு, நான் செந்திலின் நாற்காலியில் சாய்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விரலுக்குத் தெரிந்தது, "வேணும்னா வருவாரு", அந்த ஆடை படிந்த டீ, எல்லாம். பல்லியைத் தேடினேன், அன்று அது இல்லை.

ஒருவரும் "நானா இருந்தா" என்று சொல்லவில்லை. என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, செந்தில் எழுந்துவந்து முகத்துக்கு நேரே எரிந்த விளக்கை அணைத்தார். ஆரோக்கியராஜ் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் கெட்டியாத்தான் இருந்துச்சு மேடம். எனக்கு முன்னாடி பாத்தவுங்க பாத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

இப்போது நாங்கள் நால்வரும் ஒரு சிறு அட்டை கொடுக்கிறோம். ஆறாத புண் என்றால், முதலில் பார்த்தவர் அன்றைய தேதியை அதில் எழுதி நோயாளி கையிலேயே கொடுத்துவிட வேண்டும். யாரிடம் போனாலும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். பதினைந்தாம் நாள் ஆள் வரவில்லை என்றால் டாக்டரே போன் செய்ய வேண்டும். நான் செய்கிறேன். மதியம் ஒரு மணிக்கு, தயிர் சாதத்துக்கு முன்னால்.

லேட்டாயிருச்சு

பல மாதம் கழித்து ஒரு நாள் காலை, கதவைத் திறந்துகொண்டு ராசு வந்தார். மெலிந்திருந்தார். கழுத்தில் தையல் தழும்பு. நாக்கின் ஒரு பகுதி இல்லை. பேச்சு கொழகொழவென்று வந்தது, ஆனாலும் புரிந்தது.

"ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னீங்க மேடம். கொஞ்சம் லேட்டாயிருச்சு."

வளர்மதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "ஏங்க அன்னிக்கி வராம போனீங்க? நான் சரியாப் பாக்கலையா?"

அவர் பதறிப்போனார். "ஐயய்யோ, அதுக்கில்ல மேடம். நீங்க அம்புட்டுப் பதமாப் பாத்தீங்க. மருந்து கேக்கலன்னு எப்புடி ஒங்க மூஞ்சிக்கு நேரா வந்து சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் வேற எடத்துக்குப் போனேன்."

என் மனது நோகக் கூடாது என்று அவர் வரவில்லை. என் மனது நொந்துவிட்டது என்று நான் கூப்பிடவில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வருகிறார். ஊரிலேயே குழாய் வேலை பார்க்கிறார். நாக்குப் பழகுவதற்காகத் தினமும் எதையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் வரவேற்பறையில் காத்திருக்கும்போது மேசைமேல் கிடக்கும் இந்த வார இதழை எடுத்து, எழுத்தெழுத்தாக வாசிப்பார். "மொதல்ல ஒங்க பக்கந்தான் மேடம்" என்பார். உள்ளே வேலை செய்துகொண்டே நான் என் சொற்களை அவர் நாக்கில் கேட்பேன். 'ழ' வரும் இடத்தில் நின்று, இரண்டு முறை முயன்று, மேலே போவார்.

உங்களைப் பற்றி எழுதலாமா என்று போன முறை கேட்டேன். "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்றார். எதை எழுதப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. "வேணும்னா வருவாரு" என்று சொன்னதும், ஒரு ஞாயிறு முழுக்கத் தெரிந்தும் வாய் மூடி இருந்ததும் அவருக்கு இதுவரை தெரியாது. நேரில் சொல்ல நான்கு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார், பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்தே நான் தொடங்கியிருந்தேன்.

வருகிற புதன்கிழமை அவர் முறை. இது அச்சான இதழ் மேசைமேல் இருக்கும். அன்று காலை அவருக்கு முன்னால் வேறு யாருக்கும் நேரம் கொடுக்க வேண்டாம் என்று வளர்மதியிடம் சொல்லிவிட்டேன். சிகிச்சை அறைக் கதவையும் சாத்தப்போவதில்லை. அவர் வாசித்து முடிக்கும்வரை உள்ளே, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.